லேஸ் பந்தை முடியத் தெரிந்தால்தான் ஐம்பதுகளின் ஆட்டம் புரியும்

ஐம்பதுகளில் ஆடிய தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் எழுதிய நினைவுக் குறிப்பு எதை எடுத்தாலும், அது ஆங்கிலமோ பிரெஞ்சோ, மூன்று குறை தவறாமல் வரும். பந்து கனம், பூட்ஸ் கடித்தது, சம்பளம் போதவில்லை. சம்பளத்தை விட்டுவிட்டால் மற்ற இரண்டையும் புதுச்சேரி உப்பளம் மைதானத்திலும் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் மூத்தவர்களிடமும் கேட்கலாம். 'பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்' என்று இன்றைக்கு ஆடும் பிள்ளைகள் கடந்து போகிறார்கள். அந்தப் பேச்சு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தோல் துண்டு, ஓர் ஆணி, ஒரு முடிச்சு இருக்கிறது. அது தெரியாமல் படித்தால் பாதி வரிகள் கையில் நிற்காது.

முதலில் பந்து. 1937 முதல் விதிப் புத்தகத்தில் பந்தின் எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 397 முதல் 454 கிராம். சுற்றளவு 27 முதல் 28 அங்குலம். இன்றைய பந்து 410 முதல் 450 கிராம். காய்ந்த பந்தைத் தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றேதான். 'அந்தக் காலத்துப் பந்து இரண்டு மடங்கு எடை' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். விதியில் ஒரு சின்னச் சொல் இருந்தது: அந்த எடை 'ஆட்டம் தொடங்கும்போது' இருந்தால் போதும். தொடங்கிய பிறகு பந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நடுவர் எடை போடமாட்டார். மேலே பூச்சு இல்லாத மாட்டுத்தோல், கையால் போட்ட தையல், தையலுக்குத் தையல் துளை. சேற்றில் கால் மணி நேரம் உருண்டால் தோலும் நூலும் ஊறும், துளை வழியாக உள்ளேயும் இறங்கும். இரண்டாம் பாதியில் கனம் என்று ஆட்டக்காரர் எழுதினால் மழை பெய்தது என்று பொருள். மார்ச் மாதக் காய்ந்த மைதானத்தில் அதே பந்து துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

பந்தின் உடல் அநேகமாகப் பதினெட்டுத் துண்டு. மூன்று மூன்று பட்டைகளாக ஆறு கட்டு. உள்ளே சிவப்பு ரப்பர் பிளாடர், அதன் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். ஒரு பட்டையில் மட்டும் தையல் போடாமல் பிளவு விட்டிருப்பார்கள். பிளவின் இரு கரையிலும் துளைகள், அவற்றில் தோல் லேஸ். பிளவுக்கு உள்பக்கம் நாக்கு மாதிரி ஒரு தோல் துண்டு தைத்திருக்கும். லேஸ் பிளாடரைத் தேய்க்காமல் காப்பது அதுதான். அந்த நாக்கு சுருண்டுவிட்டால் நான்கு ஆட்டத்துக்குள் பிளாடர் ஓட்டை. முன்பு சியால்கோட்டில் இருந்த பந்துத் தொழில் பிரிவினைக்குப் பிறகு நம் பக்கம் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தது.

பந்தைத் தயார் செய்வது ஆட்டத்தன்று காலை வேலை. முந்தின நாளே அடித்து வைத்தால் பயனில்லை, அந்த ரப்பர் இரவோடு இரவாகக் காற்றை விட்டுவிடும். பிளாடரைத் தனியே பாதி ஊதி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் சைக்கிள் டியூப்புக்குச் செய்வதுதான்: உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலரக் காத்திருந்து, ஒட்டுப் போட வேண்டும். அவசரத்தில் ஈரச் சொல்யூஷன் மேல் ஒட்டினால் பம்பு அடிக்கும்போதே கிளம்பிவிடும். ஒட்டு காய்ந்ததும் பிளாடருக்கு முகப்பவுடர் தூவ வேண்டும். இல்லையென்றால் வெயிலில் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை எடுக்கும்போது கிழியும். எண்ணெய் மட்டும் பட விடக்கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போய்க் கொழகொழத்துவிடும்.

பிறகு காற்றில்லாத பிளாடரை நாலாக மடித்துப் பிளவு வழியே நுழைப்பார்கள். குழாய் பிளவின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் காற்று அடித்துப் பந்தைத் தரையில் உருட்டி, உள்ளங்கையால் சுற்றிலும் அமுக்கிப் பிளாடரை உட்கார வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் உள்ளே ஒரு மடிப்பு நின்றுவிடும், மடிப்பு நின்ற இடத்தில்தான் முதலில் வெடிக்கும். லேஸைப் பாதித் துளை வரை முன்னதாகவே கோத்துத் தளர்வாக விட்டு, சைக்கிள் பம்பில் பந்துக்கான முனையைப் போட்டு, முழுக்காற்று அடிப்பது அதற்குப் பின்னால். அளவுமானி கிடையாது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் லேசாக அமுங்கி உடனே எழும்ப வேண்டும், அதுதான் கணக்கு.

அடுத்து வருவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் குழாயை விரலால் நெரித்துப் பிடிக்க, மற்றவர் அதை இரண்டாக மடித்து, மெழுகு தேய்த்த சணல் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிவார். முடிந்த குழாயை நாக்குக்கு அடியில் படுக்க வைத்து மிச்ச லேஸை இழுத்துக் கட்டுவார்கள். இதற்கென்று தட்டையான கொக்கி ஊசி உண்டு. அது இல்லாத இடத்தில் சாக்குத் தைக்கும் கோணூசி, நுனியைக் கல்லில் தேய்த்து மழுக்கியது. கூர் நுனியோடு உள்ளே விட்டால் காலை முழுக்கச் செய்த வேலை ஒரு 'புஸ்'ஸில் போய்விடும். லேஸின் கடைசி முனையை வெளியே முடிச்சுப் போடக்கூடாது. முந்தின கட்டுகளுக்கு அடியில் செருகி, வெளியே தெரியாமல் நறுக்க வேண்டும். நெற்றியில் இரத்தம் பார்க்கிற ஆட்டமா இல்லையா என்பதே இந்தச் செருகலில்தான் இருந்தது.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் பந்து முழு உருண்டை ஆகாது. லேஸ், நாக்கு, மடித்த குழாய் மூன்றும் ஒரே பக்கம் சேர்வதால் அந்தப் பக்கம் கனம். சிமென்ட் தரையில் மெதுவாக உருட்டினால் பெரும்பாலும் லேஸ் பக்கம் கீழே வந்துதான் நிற்கும். காற்றில் போகும்போதும் அதே கதை. சுழல் குறைவாக அடித்த பந்து ஆடிக்கொண்டே வரும். கோல்கீப்பர்கள் இரு கையால் பிடிக்காமல் முட்டியால் குத்தி வெளியே அனுப்பியதற்கு இது ஒரு காரணம், ஈரத்தோலின் வழுக்கல் இன்னொரு காரணம்.

லேஸ் இல்லாத வால்வுப் பந்தை அர்ஜென்டினாவின் பெல் வில் ஊரில் மூன்று பேர் 1931இலேயே செய்துவிட்டார்கள். 1950 உலகக் கோப்பையில் ஆடியது அந்த வகைப் பந்துதான். அப்படியும் உள்ளூர் மைதானங்களில் லேஸ் பந்து நெடுநாள் இருந்தது. விலை ஒரு காரணம். பிளாடர் போனால் லேஸ் பந்தில் பிளாடரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வால்வுப் பந்தில் தையலைப் பிரிக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மழைக்குப் பிறகு பந்தை என்ன செய்தார்கள் என்று நினைவுக் குறிப்புகளில் போகிற போக்கில் வரும். 'டப்பின்' என்ற சொல்லைப் பார்த்தால் தயங்கி நில்லுங்கள். மிருகக் கொழுப்பு, மெழுகு, எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலந்த களிம்பு அது. சேற்றை ஈரத்துணியால் துடைத்து, காற்றில் கொஞ்சம் மட்டும் இறக்கி, நிழலில் காற்றாட வைத்து, லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே தையல் வாய்களில் விரலால் தேய்ப்பார்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். முழுக்காற்றோடு ஈரப்பந்தை வைத்தால் தோல் நீண்டு, காய்ந்த பிறகும் சுருங்காது. தையற்கார டேப்பைச் சுற்றினால் 28 அங்குலத்தைத் தாண்டிப் பூசணிக்காயாக நிற்கும். நம் பக்கம் செருப்புக்குப் போடும் விளக்கெண்ணெயும் தோலை இளக்கும், ஆனால் கை நிதானம் வேண்டும். அதிகம் குடித்த தோல் துணியாகத் தொளதொளக்கும், தையல் நெகிழும், எலியும் தேடி வரும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை தனியாக உண்டு. உப்பு. தேவனாம்பட்டினம் மணலில் ஆடிய பந்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அன்றைக்கே துடைக்காவிட்டால், தையல் துளையில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தோல் பார்க்கப் புதிதாக இருக்கும், நூல் உள்ளுக்குள் இற்றிருக்கும். பிறகு ஒருநாள் நல்ல உதையில் பட்டை பட்டையாகப் பிரியும். ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை வேறு. இங்கிலாந்துக்காரர் எழுதும் குளிர்காலச் சேற்றுக்கு நம் வடகிழக்குப் பருவமழைதான் சரியான ஒப்பு, ஆனால் அவர்கள் கணக்கில் உப்பு இல்லை.

தலையால் முட்டுவது பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். லேஸ் பக்கம் நெற்றியில் பட்டால் கீறும், புருவத்தில் பட்டால் கிழியும். இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ் பந்தைத் தூக்கி அனுப்பினால் லேஸ் முன்கள ஆட்டக்காரர் டாமி லாட்டனின் நெற்றிக்கு எதிர்ப்பக்கமாகவே வரும் என்று ஒரு பழைய கதை உண்டு. ஓடிக்கொண்டே அனுப்பும் பந்து காற்றில் சுழலும், லேஸ் எங்கே வந்து நிற்கும் என்று யாரும் குறி வைக்க முடியாது. அதை மாத்யூஸின் துல்லியத்துக்கு அவர் காலத்தவர் கொடுத்த பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம். நிற்கும் பந்தில் மட்டும் லேஸுக்கு நிஜமாகவே இடம் பார்த்தார்கள். பெனால்டிக்கு வைக்கும்போது லேஸ் காலில் படாதபடி மேலேயோ கோலைப் பார்த்தோ வைப்பது வழக்கம். வெறுங்காலில் ஆடியவர்களுக்கு அது இன்னும் அவசியம்.

இந்தத் தலைமுட்டலின் விலை பிற்பாடுதான் தெரிந்தது. இங்கிலாந்துக்கு ஆடிய ஜெஃப் ஆஸ்ல் 2002இல் 59 வயதில் இறந்தபோது, மூளைப் பாதிப்புக்குப் பந்தைத் தொடர்ந்து முட்டியதே காரணம், இது தொழில்வழி நோய் என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2019இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு, ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைப் போல் 3.5 மடங்கு என்று கண்டது. வயதான ஆட்டக்காரர் ஒருவரின் நினைவுக் குறிப்பில் ஒரே ஆட்டம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்தால், பொய் சொல்கிறார் என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள்.

இனி பூட்ஸ். கணுக்காலுக்கு மேலே ஏறும் கெட்டித்தோல், முன்னால் கல் மாதிரி முனை. நுனிக்காலால் உதைக்கவே செய்தது போல் இருக்கும். அடியில் ஆறு ஸ்டட், அதாவது தரையில் வழுக்காமல் பிடிக்கும் குமிழ், முன்னால் நாலு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் வட்டத் தோல் வில்லைகளை அடுக்கி மூன்று ஆணியால் அடித்தது. குறுக்களவு அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது, வெளியே முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது. ஆட்டத்துக்கு முன் நடுவர் கையால் தடவிப் பார்ப்பார், ஆணித்தலை தட்டுப்பட்டால் வெளியே அனுப்புவார்.

தவறு நடப்பது இரண்டு திசையிலும். கெட்டித் தரையில் ஆடினால் தோல் வில்லை தேய்ந்து ஆணித்தலை வெளியே வரும், எதிராளி முழங்கால் கிழியும். தரை அடிக்கும் அடியில் ஆணியின் கூர் மேலே ஏறி உள்ளங்காலைக் குத்தும். செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானத்தில், சித்திரை வெயிலில், இது பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை வருகிற கூத்து. பூட்ஸுக்குள் கையை விட்டு விரலால் தடவி, கூர் தட்டுப்படும் இடத்தில் அடையாளம் வைத்து, செருப்புத் தைப்பவரின் இரும்புக் கட்டையில் மாட்டி ஆணியை மடக்கி அடிக்க வேண்டும். அவசரத்துக்கு அட்டையை வெட்டி உள்ளே வைப்பார்கள், வியர்வையில் அது இடைவேளை வரைகூடத் தாங்காது. புதுப் பூட்ஸ் என்றால் தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்தோடு போட்டு நடந்து, காலிலேயே காய விட வேண்டும். அப்படிச் செய்யாமல் நேரே ஆட்டத்துக்குப் போட்டால் குதிகால் தோல் உரிந்துவிடும். அதனால்தான் பழைய பூட்ஸை யாரும் சுலபமாகத் தூக்கிப் போடவில்லை.

1954 ஜூலை 4 அன்று பெர்னில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இந்த ஆணி விஷயம் தெரிந்தவருக்கு வேறு மாதிரி தெரியும். மழை. மேற்கு ஜெர்மனிக்கு அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் கொண்டுவந்தது திருகிக் கழற்றும் ஸ்டட். தரை இளகியதும் நீளமானதை மாட்டிக்கொண்டார்கள். ஆணி அடித்த பூட்ஸில் அது நடக்காத காரியம், செருப்புத் தைப்பவரும் அரைநாளும் வேண்டும். ஹங்கேரி 2-0 என்று முன்னால் இருந்து 3-2 என்று தோற்றது. தோல்விக்கு ஸ்டட் மட்டும் காரணம் என்று சொல்வதை ஏற்க முடியாது. ஹங்கேரி அணித்தலைவர் புஸ்காஸ் முழுக்கத் தேறாத கணுக்காலோடு ஆடினார், ஜெர்மன் கோல்கீப்பர் துரெக் அன்றைக்கு அபாரம்.

நான்கு வருடம் கழித்து ஸ்வீடனில் பிரான்சின் ஜூஸ்ட் ஃபோன்தேன் ஆறு ஆட்டத்தில் 13 கோல் போட்டார். இன்றுவரை ஒரே உலகக் கோப்பையில் அதை யாரும் தாண்டவில்லை. அவர் பூட்ஸ் கிழிந்துபோய், அளவு ஒத்துவந்த சக ஆட்டக்காரர் ஸ்தெஃபான் ப்ருயேயின் பூட்ஸை இரவல் வாங்கி ஆடினார். கடனுக்கு வாங்கிய பூட்ஸ் என்று எல்லோரும் வியக்கிறார்கள். ஏற்கெனவே ஒருவர் காலில் பழகி இளகிய பூட்ஸ் என்பதை யாரும் சொல்வதில்லை.

வெறுங்கால் ஆட்டத்துக்கு வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், ஜூலை 31 அன்று, இந்தியா பிரான்சோடு ஆடி 2-1 என்று தோற்றது. இந்தியர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை, கணுக்காலில் கட்டு மட்டும். சாரங்கபாணி ராமன் 70ஆவது நிமிடம் சமன் செய்தார், 89ஆவது நிமிடம் பிரான்ஸ் வென்றது. இரண்டு பெனால்டி வீணாயிற்று. அன்றைக்குச் சட்டப்படி புதுச்சேரி பிரான்சின் பகுதி, கடலூர் இந்தியாவில். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருந்த இரண்டு ஊருக்கும் அந்த ஆட்டத்தில் தாள்படி அணி வேறு.

வெறுங்காலை வறுமை என்று மட்டும் எழுதுவது சரியில்லை. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்தின் மேல் பிடி அதிகம். புறங்காலால் வெட்டுவது, பந்தை அடித்தொட்டு நிறுத்துவது எல்லாம் கெட்டித்தோல் பூட்ஸைவிடச் சுத்தமாக வரும். உதைப்பது நுனிக்காலால் இல்லை, விரல்களை இறுக்கிக் கீழே மடக்கிப் புறங்கால் எலும்பால். மழை வந்தால் எல்லாம் தலைகீழ். ஈரப்புல்லில் பிடிமானம் இல்லை, ஊறிய பந்து புறங்காலில் கல்லாக விழும், எதிராளியின் ஸ்டட் மிதித்தால் விரல் போச்சு. 1952 ஹெல்சிங்கியில் குளிரிலும் ஈரத்திலும் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும் இந்தியக் கால்பந்துச் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. 1960இல் ரோமில் பூட்ஸோடு ஆடி அதே பிரான்சை 1-1 என்று நிறுத்தினார்கள். கோல் பி.கே. பானர்ஜியுடையது, கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ், ஆறடிக்கும் மேல் உயரம். இரண்டு வருடத்தில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம்.

1950 உலகக் கோப்பைக்கு வெறுங்கால் பிரச்சினையால்தான் இந்தியா போகவில்லை என்ற கதை இன்னும் சுற்றுகிறது. பயணத்துக்கு ஆன நாள், ஒலிம்பிக்கையே பெரிதாக நினைத்த சங்கத்தின் மனம் இரண்டையும் விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை.

கோல்கீப்பர்களுக்கு அன்று பாதுகாப்பு குறைவு. பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே தோளால் இடித்துக் கோட்டுக்குள் தள்ளலாம், கோல் செல்லும். 1958 இங்கிலாந்துக் கோப்பை இறுதியில் நாட் லாஃப்ட்ஹவுஸ் எதிரணி கோல்கீப்பர் ஹாரி கிரெக்கை அப்படித்தான் பந்தோடு உள்ளே தள்ளினார். மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. 1956 இறுதியில் கோல்கீப்பர் பெர்ட் ட்ராட்மன் கழுத்தெலும்பு உடைந்தும் கடைசி வரை நின்றார் என்றால், அவர் வெளியே போனால் பத்துப் பேர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காயம்பட்டவரை 'அவுட்'டில், அதாவது பக்கவாட்டு ஓரத்தில், போய் நிற்கச் சொல்வது வழக்கம், ஓட முடியாதவர் கோட்டோரம் நின்றாலும் எதிரணி ஒருவரை அங்கே விட்டாக வேண்டும். இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆள் 1965இல்தான், உலகக் கோப்பையில் 1970இல்.

இடங்களின் பெயர்கள் பலரைக் குழப்பும். நம் மூத்தவர்கள் சொல்லும் ஃபுல் பேக், ஆஃப் பேக், ரைட் இன், ரைட் அவுட் எல்லாம் பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து என்று நின்ற வரிசையிலிருந்து வந்தவை. 1925இல் ஆஃப்சைடு விதிப்படி தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய எதிராளிகள் மூன்று பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்ததும் நடுவில் நின்ற சென்டர் ஆஃப் பின்னால் இறங்கி மூன்றாவது பேக் ஆகிவிட்டார். பெயரும் 5ஆம் எண்ணும் மட்டும் பழசாகவே நின்றன. 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்து 6-3 என்று ஹங்கேரியிடம் அடிவாங்கியதன் சூட்சுமம் இதிலேயே இருக்கிறது. ஹங்கேரியின் 9ஆம் எண் ஹிதெகுட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கினார். கூடவே போவதா, இடத்தைக் காப்பதா என்று இங்கிலாந்தின் 5ஆம் எண் கடைசி வரை முடிவு செய்யவில்லை.

வீட்டு அலமாரியில் பழைய பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகை வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன அகராதி: 'அரியேர்' என்றால் பேக், 'தெமி' என்றால் ஆஃப், 'அந்தேர்' என்றால் இன், 'ஏலியே' என்றால் அவுட், 'அவான் சாந்த்ர்' சென்டர் ஃபார்வர்டு.

பணம் பற்றி இரண்டு செய்தி போதும். இங்கிலாந்தில் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, 1958இல் அது 20 பவுண்டு. 1961 ஜனவரியில் வரம்பு நீங்கியதும் ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. பிரான்சில் வரம்பைவிடக் கொடிய கட்டு ஒன்று: கிளப்போடு கையெழுத்துப் போட்டால் 35 வயது வரை அவர்கள் ஆள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஒரு விரலில் பாதியை இழந்து, பிறகு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரான ரேமோன் கோபா, ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று 1963இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவர் மேல் நடவடிக்கை வந்தது. காலவரம்புள்ள ஒப்பந்தம் 1969இல் வந்தது. நம் நாட்டில் கணக்கு வேறு: ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று வேலை கிடைக்கும், ஆட்டம் அந்த வேலைக்குள் இருக்கும். நம் மூத்தவர் 'சர்வீஸில் ஆடினேன்' என்று சொன்னால் தொழில்முறை ஆட்டத்துக்கு நம்மிடம் இருந்த உருவம் அதுதான்.

உப்பளத்திலோ மஞ்சக்குப்பத்திலோ அப்படி ஒருவர் கிடைத்தால் போனில் பதிவு செய்துவிடுங்கள். 'உங்கள் சிறந்த கோல் எது ஐயா' என்று தொடங்காதீர்கள், பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பான பதில்தான் வரும். பந்தை யார் முடிவார்கள், குழாய்க்கு எந்த நூல், ஒட்டு எங்கே போடுவீர்கள், பூட்ஸ் யாருடையது, மழையில் மைதானக் கோட்டுக்கு என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். கையும் காலும் நினைவு வைத்திருப்பதை வாய் தானாகச் சொல்லும். கோட்டைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சரியாக நீறாத சுண்ணாம்பை இட்டுவிட்டு அதன் மேல் மழை பெய்தால், கோட்டில் விழுந்து தொடை வெந்துபோனவர்கள் இருப்பார்கள்.

அவர் வீட்டுப் பரணில் லேஸ் பந்து இருந்தால் ஆசையில் காற்று அடிக்காதீர்கள். ரப்பர் இறுகிப் போயிருக்கும், நூல் இற்றிருக்கும், பம்பின் இரண்டாவது அழுத்தத்தில் தையல் வாய் பிளக்கும். லேஸை அவிழ்க்கவும் வேண்டாம், மடிந்த இடத்தில் ஒடியும். மென்மையான தூரிகையால் பூஞ்சையை வெளியில் வைத்துத் துடையுங்கள், உள்ளே ஊதித் தள்ளாதீர்கள். தோல் சிவந்து மாவாக உதிர்ந்தால் எண்ணெய் தடவுவதால் பயனில்லை, கறைதான் படியும். பிளவு திறந்தே இருந்தால் மட்டும் வெளுத்த பருத்தித் துணியைச் சுருட்டி மெல்ல உள்ளே அடைத்து வடிவம் கொடுக்கலாம். துணிப்பையில் போட்டு, பாலித்தீன் தவிர்த்து, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, லேஸ் பக்கம் மேலே வரும்படி திருப்பி வையுங்கள்.